டேப்லெட்டில் போடும் கையெழுத்து செல்லுமா?

அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் மீன்பிடிப் படகுகள் பிடிப்பு விவரத்தை டேப்லெட்டிலேயே அனுப்புகின்றன என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். அதற்கு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "காகிதத்தில் எழுதினாலும் அதே கணக்குதானே? இதில் மீனவருக்கு என்ன லாபம்? திரையில் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லுமா?"

முதலில் லாபத்தைப் பார்க்கலாம். அங்கே கூட்டரசு நிர்வகிக்கும் மீன் இனங்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும், ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. அந்நாட்டின் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் மேக்னசன்-ஸ்டீவன்ஸ் சட்டத்தில் 2006-ல் வந்த திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது. வரம்பை நெருங்கியதும் அந்த மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும், அல்லது வெகுவாகக் குறைக்க வேண்டும். காகித காலத்தில் அறிக்கைகள் வாரத்துக்கு ஒருமுறை, சில படகுகளுக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் போய்ச் சேர்ந்தன. அப்புறம் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதுவரை அதிகாரி கையில் இருப்பது பழைய கணக்கு. அதை நம்பிப் பயந்து சீக்கிரம் மூடினால், பிடித்திருக்க வேண்டிய மீன் கடலிலேயே நின்றுவிடும். தாமதமாக மூடினால் வரம்பு மீறிப்போகும். பல இனங்களில் அந்த மிகுதியைப் பின்னால் வரும் ஆண்டின் கோட்டாவில் கழித்துவிடுவார்கள். இரண்டிலும் அடி வாங்குகிறவர் மீனவர்தான். அதனால்தான் வேகமான கணக்கு அதிகாரிகளைவிட மீனவருக்கே அதிகம் தேவை என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

2021 நவம்பர் 10 முதல், அந்தப் பகுதியில் இந்த அறிக்கை தர வேண்டிய படகுகள் எல்லாம் பயணம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் மின்னணு முறையில் அனுப்பியாக வேண்டும். நடுக்கடலில் சிக்னல் இருக்காதே என்று கேட்பீர்கள். சரி, ஆப்பில் கடலிலேயே நிரப்பி வைத்துக்கொள்ளலாம், இணைப்பு கிடைத்ததும் அனுப்பலாம். என்ன வலை, கண்ணி அளவு எவ்வளவு, எந்தப் பகுதி, எவ்வளவு ஆழம், எத்தனை முறை வலை இழுத்தார்கள், வைத்துக்கொண்டது எவ்வளவு, திரும்பக் கடலில் விட்டது எவ்வளவு என்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது. பகுதியோ கண்ணி அளவோ மாறினால் தனி அறிக்கை. காகிதத்தில் ஒரு கட்டம் விடுபட்டால் பல நாள் கழித்துத்தான் கேள்வி வரும். ஆப் அங்கேயே காட்டிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. இந்தப் பதிவுகள்தான் ஒரு படகின் மீன்பிடி வரலாறு. அந்த வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் கடலில் காற்றாலைகள் வரும்போது, எந்தப் பகுதியில் மீனவர்களுக்கு எவ்வளவு வருமானம் இருந்தது என்று கணக்கிட முக்கியமாக இந்த அறிக்கைகளைத்தான் எடுக்கிறார்கள். பகுதியைத் தவறாகக் குறித்த படகு, அங்கே தான் மீன் பிடித்ததை எதை வைத்து நிரூபிக்கும்?

அடுத்தது கையெழுத்து. செல்லும். அரசுக்கு மின்னணு முறையில் தரும் ஆவணத்தையும் அதில் உள்ள கையெழுத்தையும், மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் செல்லாது என்று தள்ள முடியாது என 1998-ல் வந்த கூட்டரசுச் சட்டம் சொல்கிறது. விரலால் கோடு கிழிப்பது முக்கியமில்லை. தன் பெயருக்குரிய கணக்கில் நுழைந்து, 'இது உண்மை' என்று உறுதியளித்து அனுப்புகிறாரே, பொறுப்பு அங்கே வருகிறது. பொய் சொன்னால் காகிதத்தில் சொன்ன அதே தண்டனைதான்.

ஆனால் இந்த முறை எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். அதே கடற்கரையில் உள்ள நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் பெரிய படகுக் கூட்டம் வைத்திருந்த கார்லோஸ் ரஃபேல், கோட்டா குறைவான மீன்களைப் பிடித்து, தாராளமாகக் கோட்டா இருந்த ஹேடக் என்ற மீன் என்று எழுதினார். ஏழு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டுக்கு மேல் மீன் அப்படிப் பொய்யாகப் பதிவானது. 2017-ல் அவருக்கு 46 மாதச் சிறை விதித்தார்கள். அங்கே படகுகளிடம் மீன் வாங்கும் வியாபாரிகள் 2004 முதலே மின்னணு அறிக்கை தருகிறார்கள். படகு சொல்வதையும் வாங்குகிறவர் சொல்வதையும் ஒத்துப் பார்ப்பதுதான் அந்த அமைப்பின் முதுகெலும்பு. ரஃபேலுக்குப் படகுகளும் சொந்தம், மீன் வாங்கும் நிறுவனமும் சொந்தம். இரண்டு அறிக்கையும் ஒரே பொய்யைச் சொன்னால் எந்த ஆப்பும் பிடிக்காது. அப்படிப்பட்ட துறைமுகத்தில், இறங்கும் மீனை நேரில் பார்த்து எடை சரிபார்க்கும் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும்.