கொழுந்துக்குள் இருக்கும் ஊக்கி

அன்புள்ள மாணவர்களே, ஊக்கி, அதாவது தான் செலவாகாமல் தாக்கத்தை வேகப்படுத்தும் பொருள், என்றதும் உங்களுக்கு நிக்கலும் பிளாற்றினமும் நினைவுக்கு வரும். தாவர எண்ணெயில் ஐதரசன் ஏற்றி மாஜரினுக்கான கொழுப்பாக்கும்போது, 150 முதல் 200 பாகை செல்சியஸ் சூட்டில் நிக்கல் தூளைக் கலக்கிறார்கள். வேலை முடிந்ததும் வடித்து எடுத்துவிடுகிறார்கள். நம் தேயிலை ஸ்டோரிலோ, அதாவது தொழிற்சாலையிலோ, ஊக்கியை யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. கொழுந்தோடேயே வருகிறது, வடித்தெடுக்கவும் முடியாது. அதை எப்போது எழுப்புவது, எப்போது அடக்குவது என்பதில்தான் தேயிலையின் தரமே இருக்கிறது.

பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம், அதாவது உயிர்க்கலத்தில் வேலை செய்யும் ஊக்கிப் புரதம், அது. அதன் மூலக்கூறில் செம்பு அணுக்கள் உண்டு. அது தாக்கும் சேதனச் சேர்வைகள் கட்டெக்கின்கள். அவை கலத்தின் புன்வெற்றிடம் என்னும் சாறு நிறைந்த அறையில் அடைபட்டுக் கிடக்கின்றன, நொதியம் அதற்கு வெளியே. ஒரே கலத்தில் இருந்தும் இரண்டும் சந்திப்பதில்லை. ஒரு பச்சைக் கொழுந்தை விரலிடுக்கில் கசக்கிப் பாருங்கள்: அந்த அறை உடைந்து இரண்டும் சேர, கசங்கிய இடம் மெல்ல மெல்லச் சிவக்கும். ஸ்டோரில் கொழுந்தை உருட்டும் எந்திரமான ரோலர் செய்வதும் இதே கசக்கல்தான். சாக்கில் கொழுந்தைத் திணித்து அமுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். ரோலருக்கு வருமுன்னே அது சூடேறிச் சிவந்துவிட்டால், அப்புறம் ஸ்டோரில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் எந்த டீமேக்கராலும் மீட்க முடியாது.

இதை 'நொதித்தல்' என்பது பழகிப்போன பிழை. இதைச் செய்வது மதுவம் (ஈஸ்ட்) அல்ல. நடப்பது ஒட்சியேற்றம். காற்றின் ஒட்சிசனால் கட்டெக்கின்கள் குயினோன்களாகி, சோடி சோடியாக இணைந்து தியாபிளேவின் ஆகின்றன. தேநீரின் செம்மஞ்சள் பளபளப்பும் நாக்கைச் சுண்டும் சுறுசுறுப்பும் அதனுடையவை. அடுத்து வரும் தியாரூபிஜின் கருஞ்சிவப்பையும் கனத்தையும் தரும். நேரம் தாண்டினால் தியாபிளேவின் குறைந்துகொண்டே போகும். சாயம் இருக்கும், உயிர் இருக்காது. அரைத்த தூளை 2, 3 அங்குலத்துக்கு மேல் தடிப்பாகப் பரப்பினால் அடியில் காற்றுப் படாது, சூடும் தேங்கும். 20 முதல் 25 பாகைக்குள் வைத்திருப்பது நல்லது. மலையின் குளிர் இங்கே நமக்குத் துணை. தூள் புதுச் செம்புக் காசின் நிறத்துக்கு வந்து, பச்சை வாடை போய் பழ வாசனை எழும்போது, சூடான காற்றால் உலர்த்தும் டிரையருக்கு அனுப்ப வேண்டும்.

நிக்கலைக் கந்தகம் கெடுக்கும். நொதியத்தைச் சூடு கெடுக்கும். டிரையரின் வேலை ஈரத்தைப் போக்குவது மட்டுமல்ல, ஊக்கியைக் கொல்வதும்தான். உள்ளே போகும் காற்று 90 பாகைக்கு மிகவும் கீழே இறங்கினால், ஈரத் தூளுக்குள் நொதியம் சாகாமல் இன்னும் வேகமாக ஓடும். தேயிலை வெந்த சுவையாகிவிடும். அளவு மீறிச் சூடேற்றினாலோ வெளிப்புறம் இறுகி உள்ளே ஈரம் நிற்கும். வெளியே வரும் தூளில் ஈரம் ஏறத்தாழ 3 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். தொட்டால் மொறமொறப்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.