ஆக்சல் மாமாவுக்கு இடம் உண்டா?

(பாளையங்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ஜான் விண்டம் எழுதி 1955-ல் வெளிவந்த 'தி கிரைசலிட்ஸ்' என்ற விஞ்ஞானப் புனைகதை நாவலை எல்லாரும் படித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த தாள்களை எல்லாம் நிதானமாக வாசித்தேன். ரசிகமணி டி.கே.சி. தன் வண்ணார்பேட்டை வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் கூட்டி, ஒரு பாட்டு தனக்கு ஏன் பிடித்தது என்று ஒவ்வொருவரையும் வாய்விட்டுப் பேசவைத்த ஊர் இது. நீங்களும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். கடைசி அத்தியாயத்தை வைத்துப் பெரிய சண்டையே போட்டிருக்கிறீர்கள். அந்தச் சண்டையில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

படிக்காமல் வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாக்னக் என்று ஒரு விவசாய ஊர். உலகம் ஒரு தடவை அழிந்து, பல தலைமுறை கழிந்துவிட்டது. கடவுள் கொடுத்த தண்டனை என்று ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். அது அணுகுண்டின் வேலை என்று நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். தெற்கே கப்பலில் போய்வந்தவர்கள், கருகிக் கிடக்கும் கரைகளையும் இரவில் ஒளிவிடும் இடங்களையும் பற்றிச் சொல்கிறார்கள். 1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றில் இருந்த 23 பேர் மேல் விழுந்தது. அதற்கு அடுத்த வருஷம் வந்த நாவல் இது. ராதாபுரம் பக்கமிருந்து வந்திருக்கும் நண்பர் தன் தாளில் இந்தப் பகுதியைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறார். கூடங்குளம் உலைகளைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்கிறவர் வேறு எதை முதலில் எழுதுவார்?

வாக்னக்கில் எல்லாம் அச்சு மாறாமல் இருக்கவேண்டும். பயிர் கொஞ்சம் மாறி முளைத்தால் கொளுத்துவார்கள். கன்றுக்குட்டி மாறிப் பிறந்தால் வெட்டுவார்கள். மனிதக் குழந்தைக்கு அதிகாரி வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இந்த ஊரில், இப்படி ஒரு பக்திமானின் வீட்டில் வளர்கிற பையன் டேவிட். உடம்பில் ஒரு குறையும் இல்லாதவன். ஆனால் தூரத்தில் இருக்கும் ரோசலிண்டோடும் இன்னும் சில பிள்ளைகளோடும் வாய் திறக்காமல் மனசாலேயே பேச முடிகிறவன்.

"இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?" என்று இயற்பியல் படித்த ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. டெலிபதி எப்படி வேலை செய்கிறது என்று விண்டம் விளக்குவதே இல்லை. 1930-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரைன் என்பவர், ஐந்து வகைக் குறிகள் கொண்ட 25 சீட்டுகளை வைத்துச் சோதனை நடத்தினார். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். அதற்கு மேல் வந்தது என்று அவர் சொன்னார். மற்றவர்கள் கறாராகச் செய்து பார்த்தபோது வரவில்லை. ஆனால் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற இளைஞர் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து சாகத் தெரிந்தார். அன்றைக்கே, வெகுதொலைவில் இருந்த அக்காவுக்கு ஏதோ தோன்றி, அப்பாவைச் சொல்லித் தந்தி அடிக்க வைத்தார். அந்தத் தந்தி பெர்கரை விடவே இல்லை. மனசிலிருந்து மனசுக்குப் போகும் சக்தியைத் தேடித்தான் மூளை ஆராய்ச்சிக்குப் போனார். அது கிடைக்கவில்லை. கிடைத்தது மூளையில் ஓடும் மின் அலைகள். 1924-ல் முதலில் பதிவுசெய்து, 1929-ல் வெளியிட்டார். இன்றைக்கு வலிப்பு வந்தவர்களுக்கு எடுக்கும் ஈ.ஈ.ஜி. அப்படி வந்ததுதான். சரி, அதோடு விஞ்ஞானத்தை விட்டுவிடுகிறேன். நாவல் மெதுவாகத் தொடங்குகிறது, ரோசலிண்டுக்குத் தனி முகம் இல்லை என்று எழுதியவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

ஆச்சரியம் என்ன தெரியுமா? பெண்கள் எழுதிய தாள்களில் டெலிபதியைவிட ஹாரியட் சித்திதான் அதிகம் வருகிறாள். டேவிட்டின் அம்மாவுக்கு அப்போதுதான் பெட்ரா பிறந்திருக்கிறாள். சான்றிதழும் வந்துவிட்டது. தங்கை ஹாரியட் தன் கைக்குழந்தையைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு வருகிறாள். குழந்தையிடம் சின்ன ஒரு மாறுதல். ஏற்கெனவே இதே காரணத்துக்காகப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். "உன் பிள்ளையைக் கொஞ்ச நேரம் மட்டும் கொடு, அதிகாரியிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன்" என்று கூடப்பிறந்தவளிடம் கெஞ்சுகிறாள். அக்கா முடியாது என்கிறாள். அத்தான் வந்து, பாவத்தை உணர்ந்து மன்னிப்புக் கேள் என்று பிரசங்கம் வைக்கிறார். ஹாரியட் குழந்தையோடு கிளம்பிப் போகிறாள். அப்புறம் அவளை ஆற்றில் கண்டெடுத்தார்கள் என்றுதான் செய்தி வருகிறது.

இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவைத்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு பெண்களும் ஒரே அறையில் நிற்கிறார்கள். ஒரே மொழி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்கு நன்றாகக் காதில் விழுகிறது. விண்டம் டெலிபதியைப் பற்றி எழுதிய நாவலில், கேட்பது என்றால் என்ன என்ற கேள்வி இங்கேதான் மிகக் கூர்மையாக எழுகிறது என்று எனக்குப் படுகிறது.

பெட்ரா வளர்கிறாள். அவளுடைய சக்தி மற்றப் பிள்ளைகளைப் போல இல்லை. ஆபத்தில் அவள் மனசு போடும் கூப்பாட்டில் சொல்லே இல்லை. கேட்டவர்கள் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடித்தான் ஆகவேண்டும். இதை எப்படி நம்புவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு தங்கச்சி அதற்குப் பதில் எழுதியிருக்கிறார்: "உள்ளறையில் பிள்ளை அழுதால், நான் எழுந்திருக்கும் முன்னாலேயே எனக்குப் பால் சுரந்துவிடும். பெட்ரா கூப்பிடுவது அப்படித்தான்." நான் படித்த தாள்களிலேயே ஆகச் சிறந்த வரி அது.

இப்போது சோஃபிக்கு வருகிறேன். டேவிட்டின் சின்ன வயசுத் தோழி. காலில் ஆறு விரல். நம்ம பக்கம் ஆறு விரல் என்றால் அதிர்ஷ்டம் என்போம்; அங்கே அவள் மனிதப் பிறவியே இல்லை. இருவரும் ஓடையில் விளையாடிக்கொண்டிருக்கும்போது, பாறையில் பதிந்த அவளுடைய ஈரக் கால்தடத்தை வேறொரு பையன் பார்த்துவிடுகிறான். ஆறு விரலும் பாறையில் தெளிவாகத் தெரிகின்றன. வெயிலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துபோகும் தடம்தான். அதற்குள் ஒரு குடும்பமே ஊரைவிட்டு ஓடவேண்டியதாகிவிட்டது.

பள்ளி ஆசிரியர் ஒருவர் இந்த இடத்தைப் பற்றி எழுதியிருப்பதை நான் அப்படியே ஏற்கிறேன். வாக்னக்கில் மற்றவர் உடம்பில் அடையாளம் தேடினார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் தாங்களே சாதியைக் காட்டும் வண்ணக் கயிறாக அதைக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வருகிறார்கள் என்கிறார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது. லாப்ரடாரில் நடக்கும் கதை இது, நமக்கு என்ன என்று யாரும் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இனி சண்டைக்கு வருவோம். டேவிட், ரோசலிண்ட், பெட்ரா மூவரின் சக்தி ஊருக்குத் தெரிந்துபோக, அவர்கள் எல்லைக் காட்டுக்குத் தப்பி ஓடுகிறார்கள். முடிவில் சீலாந்து என்ற நாட்டிலிருந்து, அதாவது நியூசிலாந்திலிருந்து, ஒரு பெண் பறக்கும் இயந்திரத்தில் வருகிறாள். அவள் நாட்டில் மனசால் பேசுவது சாதாரணம். பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு வந்தவர்கள், ஊர் விலக்கியதால் அந்த எல்லைக் காட்டில் ஒளிந்து வாழ்ந்தவர்கள் என்று இரண்டு பக்கத்து ஆட்கள் மேலும் பசைபோன்ற இழைகளைத் தூவுகிறாள். இழைகள் சுருங்கி இறுக, அத்தனை பேரும் சாகிறார்கள். பிறகு பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்கிறாள்: நாம் உயர்ந்த இனம், பழைய இனம் போய்த்தான் ஆகவேண்டும், அவர்கள் ஆளுக்கொரு தனிக் கூட்டுக்குள் அடைபட்டவர்கள், நம்மைப் போல ஒன்றுசேர அவர்களால் ஒருநாளும் முடியாது.

கல்லூரித் தம்பி ஒருவர் அவளுக்காக வாதாடியிருக்கிறார். பரிணாமம் கருணை பார்த்து நடப்பதில்லை, விண்டம் உள்ளதை உள்ளபடி சொன்னார் என்கிறார். இன்னும் சிலர், இவ்வளவு நல்ல நாவலை ஆசிரியர் கடைசியில் கெடுத்துவிட்டார் என்று கோபப்படுகிறீர்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. அந்தப் பெண் சொல்வது தவறு. அது தவறு என்று காட்டுவதற்கு வேண்டியதெல்லாம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. ஆக்சல் மாமா இருக்கிறார்.

டேவிட்டின் அம்மாவுடைய சகோதரி ஒருத்தியைக் கட்டியவர். கப்பலில் வேலை பார்த்துக் கால் ஊனமாகி ஊர் திரும்பியவர். அவருக்கு மனசால் ஒன்றும் கேட்காது. ஒருநாள் டேவிட் தன்னை மறந்து ரோசலிண்டோடு பேசுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறான், மாமா பார்த்துவிடுகிறார். யாரோடு பேசுகிறாய் என்று கேட்கிறார். பையன் உண்மையைச் சொல்கிறான். அதிகாரியிடம் சொல்லியிருந்தால் ஊர் அவரைப் பாராட்டியிருக்கும். அவர் செய்ததோ, இனி ஒருநாளும் வாய்விட்டுப் பேசாதே, ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று அந்தப் பிள்ளையிடம் சத்தியம் வாங்கியதுதான். பிற்பாடு, தன் வீட்டுப் பிள்ளைகளே இல்லாத மற்றவர்களையும் காப்பாற்றுவதற்காக ஒரு கொலைகூடச் செய்கிறார். நாவலில் மற்றவர் மனசை இவ்வளவு சரியாகப் படித்தவர் இன்னொருவர் இல்லை.

"ஐயப் படாஅது அகத்தது உணர்வானைத் தெய்வத்தோ டொப்பக் கொளல்" என்கிறார் வள்ளுவர். குறிப்பறிதல் அதிகாரம். முகத்தைப் பார்த்து அகத்தை அறிகிற மனுஷனைத்தான் அவர் அவ்வளவு உயரத்தில் வைக்கிறார். சீலாந்துப் பெண்ணின் கணக்குப்படி அந்த ஆக்சல் மாமா பழைய இனம். போகவேண்டியவர். ஹாரியட்டும் பழைய இனம். சோஃபியும்தான்; அவளும் பிழைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நாவலில் மனசால் பேசுகிறவர்களுக்குத் தங்களைப் போன்றவர்களின் மனசு மட்டும்தான் கேட்கும். மற்றவர்கள் நினைப்பது ஒரு எழுத்துக்கூடக் கேட்காது. இழைகள் இறுகிச் செத்தவர்களின் பயம் அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கவே முடியாது. கேட்காததால்தான் அவளால் அவ்வளவு அமைதியாக விளக்கம் சொல்ல முடிந்தது. தன் ஆட்கள் குரல் மட்டும் கேட்கிற காதை உயர்ந்த காது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்படிப்பட்ட காது நம் ஊர்த் தெருக்களில் நிறைய இருக்கிறது, அதற்கு டெலிபதி தேவைப்படவில்லை.

விண்டம் அந்தப் பெண்ணின் பக்கமா, ஆக்சலின் பக்கமா என்று கேட்டால், அவர் எந்தப் பக்கம் என்பது எனக்கு முக்கியமில்லை. சோஃபிக்காக அழுதுவிட்டு, அதே மூச்சில் அந்த விளக்கத்துக்குத் தலையாட்ட முடிகிறதா என்று வாசகனைத்தான் அந்த அத்தியாயம் சோதிக்கிறது. கோபப்பட்டவர்களே, உங்கள் கோபம் நாவலுக்கு எதிரானது இல்லை. ஹாரியட்டும் ஆக்சலும் உங்களுக்குள் வளர்த்த கோபம் அது.

இவ்வளவு நேரம் நான் ஒரு பக்கத்தை மட்டும் பேசியிருக்கிறேன். சீலாந்துப் பெண்ணுக்காக எழுதிய தம்பி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆக்சல் மாமாவுக்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று கேட்க எனக்கு ஆசை. ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள், முதலில் அவர் பேசட்டும்.