காடு, ஊர், கழனி, சேறு: லாய் சி வோ குடாவில் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹாங்காங் என்றதும் வானளாவிய கட்டடங்கள்தான் கண்முன் வரும். அதே ஹாங்காங்கின் வடகிழக்கு மூலையில், தார்ச்சாலை இன்றுவரை எட்டிப் பார்க்காத ஓர் ஊர் இருக்கிறது. பெயர் லாய் சி வோ. லாய் சி என்றால் லிச்சிப் பழம். வோ என்றால் குழிவான இடம். பெயருக்கு ஏற்றபடி மூன்று பக்கம் மலை, எதிரே அமைதியான ஒரு குடா. ஹக்கா மக்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஊர் இது.

இங்கே வருகிறவர்களில் பலர் படகை விட்டு இறங்கியதும் கரையோர அலையாத்திக் காட்டைப் படம் எடுக்கிறார்கள். பிறகு ஊரில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த இடம் புரிய வேண்டுமென்றால் நேராக ஊரின் பின்புறம் போய், அங்கிருந்து கடலை நோக்கி இறங்கி வர வேண்டும். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறதோ அதே வழி.

முதலில் போய்ச் சேரும் வழியைச் சொல்லிவிடுகிறேன். யூனிவர்சிட்டி ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடையில் மா லியூ சுய் படகுத்துறை. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் காலை 9 மணிக்குப் படகு புறப்படும். பயணம் ஒன்றரை மணி நேரம். திரும்பும் படகு பிற்பகல் 3.30க்கு. நேரம் மாறக்கூடும் என்பதால் முந்தின நாள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நடக்க விரும்புகிறவர்கள் தாய் போ மார்க்கெட் நிலையத்தில் 20ஆர் மினிபஸ் பிடித்து வூ காவ் டாங் போய், அங்கிருந்து சாம் ஆ ஊர் வழியாக இரண்டரை முதல் மூன்று மணி நேரம் நடக்கலாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் திரும்பும்போதுதான். 3.30 படகை விட்டால் மா லியூ சுய்க்கு அன்று அடுத்த படகு கிடையாது. குளிர்காலத்தில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மூன்று மணி நேர மலைப்பாதையை இருட்டில் கடக்க நேரும். தலையில் கட்டும் விளக்கு ஒன்று, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், சில்லறைப் பணம் ஆகியவை பையில் இருக்கட்டும். எல்லை அருகில் என்பதால் கைபேசி தானாகவே சீனப் பகுதியின் இணைப்புக்குத் தாவும். ரோமிங்கை அணைத்துவிட்டு வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஊர். 1661இல் சீனாவை ஆண்ட சிங் (Qing) வம்ச அரசு தைவானில் இருந்த எதிரிகளுக்கு உதவி போகாமல் தடுக்க, தென்சீனக் கரையோர மக்களை உள்நாட்டுக்கு விரட்டியது. 1669இல் தடை நீங்கிய பின் வெறிச்சோடிக் கிடந்த கரைகளில் குடியேறியவர்களில் ஹக்காக்கள் பலர். ஹக்கா என்றாலே விருந்தாளிக் குடும்பம் என்று பொருள். நல்ல சமவெளிகள் முன்பே மற்றவர்கள் கையில் இருந்ததால், இவர்களுக்குக் கிடைத்தவை இதுபோன்ற மலை மடிப்புகள். லாய் சி வோவில் நிலைத்தவை சாங், வோங் என்ற இரு குலங்கள். நெடுக்கில் மூன்று சந்து, குறுக்கில் ஒன்பது வரிசை என்று இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். சுற்றிலும் இருந்த ஆறு ஊர்களையும் சேர்த்து ஏழூர்க் கூட்டணி ஒன்று உண்டு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் எடுக்கும் திருவிழாவுக்கு வெளிநாடுகளில் இருக்கும் வாரிசுகளும் வந்துவிடுவார்கள்.

ஊருக்குப் பின்னால் பிறை வடிவில் நிற்கும் காட்டை வெட்டக் கூடாது என்பது தலைமுறைக் கட்டுப்பாடு. நம் வாஸ்து போன்ற பெங்சுயி நம்பிக்கைதான் அதற்குச் சொன்ன காரணம். பலன் கண்கூடானது: புயல் மழையில் மலைச்சரிவு வீடுகள்மேல் விழாமல் வேர்கள் பிடித்துக்கொள்கின்றன, காட்டு ஓடையும் வற்றுவதில்லை. அந்த ஓடை நீரில்தான் நெல் விளைந்தது. 1960களில் இளைஞர்கள் உணவக வேலைக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள்; கழனிகள் புதரும் சதுப்புமாயின. 2013இல் ஹாங்காங் பல்கலைக்கழகமும் தன்னார்வ அமைப்புகளும் ஊர்க்காரர்களுடன் சேர்ந்து மீண்டும் உழத் தொடங்கின. 2020இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் நிலைத்த வளர்ச்சிக்கான சிறப்பு அங்கீகாரம் இந்த முயற்சிக்குக் கிடைத்தது. வரப்பில் நடக்கும்போது ஒற்றை வரிசையில் செல்லுங்கள். கழனி படிப்படியாக இறங்குவதால், வரப்பு இடிந்தால் அந்தத் தட்டு மட்டுமல்ல, கீழ்த்தட்டும் நீரை இழக்கும்.

கழனி முடியும் இடத்தில் உப்புநீர் தொடங்குகிறது. இங்கே அவசரப்படாதீர்கள். பலகை பலகையாக வேர் விரித்து நிற்கும் பெருமரங்கள் வங்கக் கரையின் சுந்தரி மரத்துக்கு நெருங்கிய உறவு. இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் மின்னும். காயின் முதுகில் படகின் அடிக்கட்டைபோல ஒரு விளிம்பு. உள்ளே நாரும் காற்றும். அதனால்தான் கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கிறது. அந்த மரங்களின்மேல் தொடைப் பருமனில் முறுக்கிக் கிடப்பவை டெரிஸ் கொடிகள். இந்த இனக் கொடிகளின் வேர் மீனை மயக்கும் நஞ்சு. ஊஞ்சல் ஆடவோ ஒடிக்கவோ கூடாது. இது சட்டம் காக்கும் இடம்.

இன்னும் முன்னே போனால் கண்டேலியா என்ற அலையாத்தி மரம். அந்த அறிவியல் பெயரே மலபார்க் கரையில் வழங்கிய கண்டல் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட காயாகத் தொங்கி, விழும்போது சேற்றில் குத்தி நிற்கும். நம் பிச்சாவரத்தில் இருக்கும் வெண்கண்டலும், சிதம்பரத்தின் தலமரமான தில்லையும் ஹாங்காங்கின் அலையாத்தி இனங்களில் உண்டு. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இன்னதென்று தெரியாத இலையைக் கிள்ளாதீர்கள்.

அதற்கும் அப்பால் சேற்றுத் திட்டு. சோஸ்டெரா என்ற மெல்லிய கடற்புல் இங்கே படர்ந்திருக்கிறது. இதைப் பார்க்க நீர் வற்றியிருக்க வேண்டும். ஹாங்காங் கரையில் கோடையில் நீர் நன்றாக வற்றுவது பகலில், குளிர்காலத்திலோ இரவில். நடக்க இதமான டிசம்பரில் போனால் பகலில் சேறு பெரும்பாலும் நீருக்கடியில்தான் இருக்கும். என் கணிப்பில் மார்ச் பிற்பகுதியும் ஏப்ரலும் இரண்டுக்கும் ஒத்துவரும் காலம். வானிலை ஆய்வகம் வெளியிடும் ஓத அட்டவணையில் (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்), காலை பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். சேற்றில் இறங்க வேண்டாம். கால் புதையும், சிப்பி ஓடு வெட்டும், கடற்புல்லும் நசுங்கும். மரப்பாதையில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும், வளைக்குள் ஓடிய நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

சேறு இவ்வளவு படிவதற்குக் காரணம் எதிரே தெரியும் தீவுகள். அவை அலையைத் தடுத்துவிடுகின்றன. அந்த நீர்ப்பரப்பு 1996 முதல் யான் சாவ் டோங் கடல் பூங்கா.

ஊர் முற்றத்தில் விடுமுறை நாட்களில் ஹக்கா அரிசிப் பலகாரம் கிடைக்கும். நம் கொழுக்கட்டையின் உறவு. வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குள் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். ஓதம் ஏறத் தொடங்கியிருந்தால், மதியம் நண்டுகள் நடமாடிய அதே இடத்தில் கண்டல் மரங்கள் தண்ணீரில் நிற்பதைப் படகுக்குக் காத்திருக்கும்போதே பார்க்கலாம். வணக்கம்.