ஒரு மாதம்

வணக்கம் நேயர்களே. நாளை ஜூன் 26. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்குத் துணை நிற்பதற்கென ஐக்கிய நாடுகள் சபை குறித்த நாள். 1987இல் இதே நாளில்தான் சித்திரவதைக்கு எதிரான சமவாயம் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதில் சேர்ந்தது 1994இல்.

போன வருடம் ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். திருகோணமலைக் கரையோரக் கிராமம். களவுச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனவர்கள், பொடியனை மூன்று நாள் வைத்து அடித்திருக்கிறார்கள். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தியிருக்க வேண்டும். தேத்தண்ணி கொடுத்தோம். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கோப்பையை அணைத்துப் பிடித்தான், விரல்கள் மடங்கவில்லை. சம்பவம் நடந்து 47 நாள் ஆகியிருந்தது.

"ஏனம்மா இவ்வளவு நாள்?" என்று கேட்டேன்.

"திரும்பவும் கொண்டுபோயிடுவாங்களெண்ட பயம்தான் தம்பி."

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2015 நவம்பரில், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றி விசாரிக்கும் ஐ.நா. செயற்குழு வந்து, நமது கடற்படைத் தளத்துக்குள்ளேயே இரகசியத் தடுப்பு அறைகளைப் பார்த்துவிட்டுப் போன ஊர் இது. ஆனால் அந்தப் பயத்தில் நழுவிப்போவது ஒரு மாதம். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை அடியோடு தடுக்கிறது. அது மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கொழும்புக்குப் போகக் காசு? சட்டத்தரணி? சரி, அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. திருகோணமலையிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. தமிழில் எழுதலாம். மகனுக்காகத் தாயே கொடுக்கலாம். காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்போது ஒரு காயத்தையும் மறைக்க வேண்டாம். நீதவான் முன் நிற்கும்போதும் வாய் திறந்து சொல்லுங்கள், "என்னை அடித்தார்கள்" என்று.

இதெல்லாம் அடிபட்டவர் செய்ய வேண்டியது. அரசு செய்ய வேண்டியதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, சித்திரவதைக்குக் குறைந்தது 7 வருடச் சிறை. 30 வருடம் கடந்தும் அதன்படி உள்ளே போனவர்கள் மிகச் சிலர். 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் பெரிய பொலிஸ் அதிகாரிகளையே சொந்தப் பணத்தில் இழப்பீடு கட்டச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் இழப்பீடு கட்டிவிட்டு அதே கதிரையில் உட்கார முடிந்தால், அடிபட்டவன் எந்த நம்பிக்கையில் முறைப்பாடு செய்வான்?

அப்புறம் பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிகம் என்று சொல்லி 1979இல் கொண்டுவந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சான்று என்கிறது அதன் 16ஆம் பிரிவு. அடித்துத்தான் வாங்கினார்கள் என்று நிரூபிப்பது அடிபட்டவன் தலையில். சுவருக்குள் நடந்ததற்கு அவன் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவான்? இந்தப் பிரிவு போகும்வரை அடியும் போகாது. இதை நீக்கக் கேட்டு நாளை கையெழுத்து வாங்குகிறோம்.

எழுதத் தெரியாதவர்களுக்கு முறைப்பாடும் எழுதிக் கொடுப்போம். எந்தத் தேதியில் கொண்டுபோனார்கள், எப்போது விட்டார்கள் என்பதை மட்டும் ஒரு துண்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தாயும் வருவார். வருகிறவர்களிடம் முதலில் தேதியைக் கேட்கும் வேலையைத் தனக்குத் தரச் சொல்லியிருக்கிறார்.