அடிக்காமல் கண்டிப்பாக இருக்க முடியுமா?

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

"அடிக்காதே, திட்டாதே என்கிறீர்கள். அப்போ பிள்ளை தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளாதா?" இந்தத் தலைப்பில் பேச வந்தாலே முதலில் வந்து விழுகிற கேள்வி இது. நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்டிப்பை எடுத்துவிட்டு வெறும் செல்லத்தை மட்டும் வைத்துக்கொண்டால் நிச்சயம் ஏறி உட்காரும். 1960களில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் கவனித்து ஆராய்ந்தார். சில வீடுகளில் கட்டளை மட்டும் இருந்தது. சில வீடுகளில் அன்பு இருந்தது, எல்லைக்கோடு எதுவும் இல்லை. இன்னும் சில வீடுகளில் இரண்டும் சேர்ந்திருந்தன. தன்னைத் தானே அடக்கிக்கொள்வதில் மிகவும் பின்தங்கியிருந்தவர்கள் எல்லையில்லாத வீட்டுப் பிள்ளைகள். இரண்டும் சேர்ந்திருந்த வீட்டுப் பிள்ளைகள்தான் நன்றாக இருந்தார்கள்.

நம்மில் பலர் இரண்டையும் செய்கிறோம். ஆனால் மாற்றி மாற்றிச் செய்கிறோம். காலையில் கத்திவிட்டு, ராத்திரி மனசு கேட்காமல் கொஞ்சுகிறோம். பிள்ளைக்கு என்ன புரியும்? அப்பாவுக்கு இன்றைக்கு மூட் எப்படி என்று பார்க்கத்தான் அது கற்றுக்கொள்ளும். கண்டிப்பும் கனிவும் ஒரே நேரத்தில், ஒரே பேச்சில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஒரு காட்சியைப் பார்ப்போம். நாலு வயதுப் பிள்ளை கிரேயானை எடுத்துச் சுவர் முழுக்கக் கிறுக்கி வைத்திருக்கிறது. நாம் பார்த்ததும் முதுகில் ஒன்று வைக்கிறோம். அந்த நொடியில் பிள்ளையின் நெஞ்சு படபடக்கிறது, கண்ணுக்கு நம் முகம் மட்டும்தான் தெரிகிறது. சுவர் அதன் நினைவிலேயே இல்லை. அடுத்த தடவை கதவுக்குப் பின்னால் போய் வரையும்.

இதையே வேறு மாதிரி செய்யலாம். முதலில் கிரேயானைக் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். அங்கே கெஞ்சல் வேண்டாம், "கொடுத்துடறியா?" என்ற கேள்வியும் வேண்டாம். "சுவரில் வரையக் கூடாது. காகிதத்தில்தான் வரையணும்." இவ்வளவு போதும். பிறகு இரண்டு ஈரத்துணி கொண்டு வாருங்கள், பிள்ளைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. அது உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்துவிட்டுக் களைத்துப்போகும். பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து மீதியை நீங்கள் துடையுங்கள். முடிந்ததும் காகிதம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், அதன் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

"இன்றைக்கு உனக்கு டிவி கிடையாது" என்று சொன்னால் என்ன ஆகும்? டிவிக்கும் சுவருக்கும் சம்பந்தமே இல்லை. செய்த தப்பின் விளைவு அந்தத் தப்போடு ஒட்டியதாக இருக்க வேண்டும், பிள்ளையை அவமானப்படுத்தக் கூடாது, அதன் வயதுக்குத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். உளவியல் அறிஞர் ஆல்ஃப்ரெட் ஆட்லரின் வழிவந்த மனநல மருத்துவர் ருடால்ஃப் டிரைகர்ஸ் வளர்த்தெடுத்த சிந்தனை இது. ஒன்று மட்டும் கவனம். "துடை, அப்போதான் புத்தி வரும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அந்த ஈரத்துணியும் பிரம்புதான்.

"அடியாத மாடு படியாது" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். எங்களையும் அடித்துத்தானே வளர்த்தார்கள், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று கேட்பீர்கள். அடித்த பெற்றோர் அன்பில்லாதவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அடி என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் அல்லவா? எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்டார்கள். கடுமையான வதையைப் பற்றியது அல்ல அது, வெறும் கையால் போடுகிற சாதாரண அடியைப் பற்றியது. அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும் பெற்றோரோடு விலகலும் கூடுதலாகத் தெரிந்தன. அடிதான் முழுக் காரணம் என்று இதை வைத்து மட்டும் அறுதியிட முடியாது. ஆனால் அடியால் பிள்ளை திருந்தியது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. வீட்டில் அடிப்பதையும் சேர்த்து முதன்முதலில் சட்டத்தால் தடுத்த நாடு ஸ்வீடன், 1979-இல். இன்றைக்கு 60-க்கும் மேற்பட்ட நாடுகள் அந்த வழிக்கு வந்துவிட்டன.

சரி, தரையில் விழுந்து புரண்டு அழுகிற பிள்ளையிடம் என்ன பேசுவது? ஒன்றும் பேசாதீர்கள். யோசித்து நிதானிக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். அந்த ஆவேசத்தில் உங்கள் அறிவுரை அதன் காதில் ஏறாது. பக்கத்தில் இருங்கள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாது என்று சொன்னது முடியாததாகவே இருக்கட்டும். அழுகைக்குப் பயந்து கேட்டதைக் கொடுத்துவிட்டால், எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்று நாமே கணக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

அடுத்தது, பொய். மகள் வீட்டுப்பாடத்தைத் தொடவே இல்லை, அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே கேட்கிறோம்: "வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?" இது கண்ணி. பயந்த பிள்ளை "முடிச்சாச்சு" என்றுதான் சொல்லும். இப்போது ஒரு தப்பு இரண்டாகிவிட்டது, இரண்டாவதற்கு நாம்தான் இடம் கொடுத்தோம். "நோட்டைப் பார்த்தேன், இன்னும் ஆரம்பிக்கலை. குளிச்சுட்டு உட்காரப் போறியா, இப்பவே உட்காரப் போறியா?" என்று கேட்டுப் பாருங்கள். செய்யத்தான் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. எப்போது என்பது மட்டும் அவள் கையில். அவள் எடுத்த முடிவு என்பதாலேயே அதை நிறைவேற்றப் பார்ப்பாள்.

ஆசிரியர்களே, நாற்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. உங்களுக்காகவே ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளரின் ஆய்வைச் சொல்ல வேண்டும். வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். பிள்ளைகள் குறும்பு செய்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில், நன்றாக நடக்கும் வகுப்புக்கும் சந்தைக்கடையாகக் கிடக்கும் வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் அதற்கு முன்னால் இருந்தது. நல்ல வகுப்பின் ஆசிரியருக்கு எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது. பாடம் தொய்வில்லாமல் ஓடியது, பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் நேரம் குறைவாக இருந்தது.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் பென்சிலைக் கீழே போட்டுக்கொண்டே இருக்கிறான். பாடத்தை நிறுத்தி அவனை எழுப்பி நிற்க வைத்தால் வகுப்பு மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்க்கும். அவனுக்கு வேண்டியதும் பெரும்பாலும் அதுதான். பாடத்தைச் சொல்லிக்கொண்டே அவன் பக்கம் நடந்து போங்கள். நோட்டில் அவன் விட்ட வரியில் விரலை வைத்துவிட்டு நகருங்கள். அவன் ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொரு தடவை அந்தப் பக்கம் போங்கள். இந்த இரண்டாவது நடையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அடியை விட்டதும் பலர் பரிசுக்குத் தாவுகிறார்கள். அதிலும் கவனம் வேண்டும். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த சிறு பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி, கொடுக்கவும் செய்தார்கள். பிறகு விளையாட்டு நேரத்தில் விட்டபோது, மற்றவர்களைவிட அவர்கள்தான் குறைவாக வரைந்தார்கள்.

கடைசியாக, டைரி. ஆசிரியர் அதில் "வகுப்பில் ஒழுங்கீனம்" என்று எழுதி அனுப்புகிறார். அதைப் படித்த அப்பா பெல்ட்டை எடுக்கிறார். ஆசிரியர் கை வைக்காத பிள்ளைக்கு வீட்டில் அடி விழுகிறது. உங்கள் இருவரிடமும் என் வேண்டுகோள் இது. ஆசிரியர்களே, நடந்தது என்ன, அதைச் சரிசெய்யப் பிள்ளை என்ன செய்தான் என்று எழுதுங்கள். விஷயம் பள்ளியிலேயே முடிந்துவிட்டது, வீட்டில் மறுபடி தண்டிக்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள். பெற்றோர்களே, அதைப் படித்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "என்ன நடந்தது, சொல்லு" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.