ஹாலிபர்ட்டனை விற்றது சரியா?

நேயர்களுக்கு வணக்கம். கூடைப்பந்து பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டபோது முதலில் நம்பவில்லை, கிரிக்கெட்டுக்கு என்றால் எங்கள் தெருவிலேயே பத்து பேர் தயாராக இருப்பார்கள். சரி, கிடைத்த நேரத்தை வீணாக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நானும், என்னோடு காலேஜ் டீமில் ஆடிய ஒரு நண்பனும் நாலு வருடமாக முடிக்காமல் வைத்திருக்கிற ஒரு சண்டையைத்தான் இன்று உங்கள் முன்னால் கொட்டப் போகிறேன்.

2022 பிப்ரவரி 8. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணி, டைரீஸ் ஹாலிபர்ட்டன் என்கிற இளம் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவரை, இண்டியானா பேஸர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அவரோடு பட்டி ஹீல்டு, டிரிஸ்டன் தாம்சன் இருவரும் போனார்கள். அந்தப் பக்கமிருந்து டொமாண்டஸ் சபோனிஸ் வந்தார், கூடவே ஜஸ்டின் ஹாலிடே, ஜெரமி லாம்ப், புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கிற டிராஃப்டில் ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பு. ஹாலிபர்ட்டனுக்கு அப்போது 22 வயதுகூட ஆகவில்லை. அவர் பிறந்தது 2000 பிப்ரவரி 29, அதனால் காலண்டர்படி ஐந்தே ஐந்து பிறந்தநாள்தான் கொண்டாடியிருந்தார் என்று நண்பன் கிண்டல் செய்வான்.

செய்தி வந்த அன்று எனக்கு ஆத்திரம். அவனுக்கு சந்தோஷம். "மச்சான், ரெண்டு தடவை ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வான சென்டரை வாங்கியிருக்கான், நீ என்னமோ பையனைக் கடத்திட்டுப் போன மாதிரி அழற" என்றான்.

அவன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்ன நியாயம் இல்லை. கிங்ஸிடம் டி'ஆரன் ஃபாக்ஸ் இருந்தார். மின்னல் வேகம், பந்து கையில் இருந்தால்தான் அவருக்கு ஆட்டம். அதற்கு முந்தைய வருடம்தான் டிராஃப்டில் ஒன்பதாவதாக டேவியன் மிட்செலை எடுத்தார்கள், அவரும் கார்டு. ஒரு பந்துக்கு மூன்று கார்டு. கூடைக்குக் கீழே நின்று ரீபவுண்ட் எடுத்து, அதாவது தவறிய பந்தைப் பிடித்து, அங்கிருந்தே பாஸும் கொடுக்கக்கூடிய பெரிய ஆள் யாரும் கிடையாது. சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் மோதுகிற பிளேஆஃபுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த நிலைமையில் சந்தையில் எல்லோரும் கேட்கிற ஒரே சரக்கு ஹாலிபர்ட்டன்தான். வீட்டில் நகையும் இருக்கிறது, பழைய மரச்சாமானும் இருக்கிறது என்றால் அடகுக் கடைக்கு எதை எடுத்துப் போவீர்கள்?

அவருக்கு ஏன் அவ்வளவு விலை? ஆட்டம் பாதிக் காரணம், ஒப்பந்தம் மீதிக் காரணம். முதல் சுற்றில் எடுக்கப்படும் வீரருக்கு நான்கு வருட ஒப்பந்தம். சம்பளம் எத்தனையாவது ஆளாக எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து விதிப்படியே வந்துவிடும், பெரிதாகப் பேரம் பேச இடமில்லை. 12-வதாக எடுக்கப்பட்ட ஹாலிபர்ட்டனுக்கு அந்த சீசனில் சுமார் 40 லட்சம் டாலர். நமக்கு மலைப்பாக இருக்கலாம், என்.பி.ஏ. கணக்கில் அது சில்லறை. நான்கு வருடம் முடிந்தபிறகும் வேறு அணி என்ன தொகை சொன்னாலும் அதையே கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை சொந்த அணிக்கு உண்டு. ஆகவே இப்படி ஒரு பையனை வாங்குகிற அணி, மலிவான சில வருடங்களையும் அதற்குப் பிந்தைய வருடங்களுக்கான சாவியையும் சேர்த்தே வாங்குகிறது. அப்புறம், சம்பள வரம்பைத் தாண்டிய அணிகள் டிரேட் செய்தால் போகிற சம்பளமும் வருகிற சம்பளமும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். ஹாலிபர்ட்டன் சம்பளத்தை மட்டும் தட்டில் வைத்தால் சபோனிஸ் பக்கம் ஏறவே ஏறாது. பெரிய சம்பளக்காரரான ஹீல்டும் சேர்ந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்டத்துக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஹாலிபர்ட்டன் ஷூட் செய்கிற விதத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பந்து தலைக்கு மேலே போகாது. நெஞ்சுக்கு முன்னாலேயே வைத்து, எதையோ தள்ளிவிடுவது போல ஒரு தள்ளு. எங்கள் பயிற்சியாளர் பார்த்திருந்தால் விசில் கயிற்றாலேயே முழங்கையில் ஒன்று போட்டு "கையைத் தூக்குடா" என்றிருப்பார். 6 அடி 5 அங்குலம் உயரம், ஒல்லி உடம்பு, போதாக்குறைக்கு ஐயோவா ஸ்டேட்டில் ஆடிய கடைசி சீசனில் மணிக்கட்டு முறிந்து பாதியில் நின்றுபோனார். 2020 டிராஃப்டில் அவர் 12 வரைக்கும் இறங்கியதில் இதெல்லாம் கலந்திருக்கும் என்பது என் ஊகம். ஏழாவது இடத்தில் இன்னொரு கார்டை, கில்லியன் ஹேய்ஸை, டெட்ராய்ட் எடுத்தது. அதைப் பற்றி மேலே பேசினால் டெட்ராய்ட் ரசிகர்கள் மனம் புண்படும், விடுங்கள்.

ஆனால் அந்தக் கோணல் தள்ளு உள்ளே விழுந்தது. முதல் சீசனிலேயே மூன்று புள்ளி முயற்சிகளில் 40 சதவீதத்துக்கு மேல். என்னைக் கவர்ந்தது அதுகூட இல்லை. பந்து அவர் கையில் தங்குகிற நேரம்தான் என்னைக் கவர்ந்தது. பெரிய ஆள் வந்து ஸ்கிரீன் போடுவார், அதாவது தடுப்பவரின் வழியை மறித்து நிற்பார், ஹாலிபர்ட்டன் அதைச் சுற்றி வருவார், எதிரணி சென்டர் ஒரு அடி முன்னால் வைப்பார். அந்த ஒரு அடிதான் அவருக்கு வேண்டியது. காலைத் தரையிலிருந்து எடுத்துக் காற்றில் எழும்பி, மூலையில் நிற்பவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, ஸ்கிரீன் போட்டுவிட்டுக் கூடையை நோக்கி ஓடுகிறவர் கையில் பந்தை வைப்பார். எழும்பிப் பாஸ் போடாதே என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்தார்கள், ஆள் கிடைக்கவில்லை என்றால் பந்தோடு கீழே இறங்க வேண்டியதுதான் என்று. இவருக்கு ஆள் கிடைக்காமல் போவது அபூர்வம். 2023-24 சீசனில் ஆட்டத்துக்கு 10.9 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிகிற பாஸ், லீகிலேயே முதலிடம். பந்தைப் பறிகொடுத்தது 2.3 முறைதான். அவ்வளவு பாஸ் போடுகிறவர் அவ்வளவு குறைவாகத் தொலைப்பது சாதாரண விஷயமே இல்லை.

இது சாக்ரமெண்டோவில் ஏன் தெரியவில்லை? என் வாதம் மொத்தமும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. அங்கே பந்து பெரும்பாலும் ஃபாக்ஸிடம். ஹாலிபர்ட்டன் பக்கத்தில் நின்று, வந்ததை வாங்கி, ஷூட் செய்து, டிஃபென்ஸுக்கு ஓடினார். அந்த டிஃபென்ஸும் சுமார்தான், மறைக்கவில்லை. அப்படி ஓரமாக நிற்கிற கார்டை வைத்துப் போட்ட விலைக்குத்தான் கிங்ஸ் விற்றது. ஆட்டத்தின் சாவியை அவர் கையில் கொடுத்து முழு சீசன் ஓட்டிப் பார்க்காமலே விற்றது. இண்டியானா முதல் நாளே சாவியைக் கொடுத்துவிட்டது.

இதைச் சொன்னதும் நண்பன் ஒரே வரியில் அடிப்பான்: "2023." அதுவும் உண்மை. சபோனிஸ் வந்து முழுதாக ஆடிய முதல் சீசனில் கிங்ஸ் 48 வெற்றி, மேற்குப் பிரிவில் மூன்றாவது இடம். 16 சீசனாகப் பிளேஆஃப் பார்க்காத ஊர், லீக் வரலாற்றிலேயே நீளமான வறட்சி, அன்றைக்குத் தீர்ந்தது. ஜெயித்த ஒவ்வொரு ராத்திரியும் அரங்கத்திலிருந்து வானத்துக்கு ஊதா நிறத்தில் ஒரு ஒளிக்கற்றையை ஏற்றுவார்கள். ரீபவுண்டில் சபோனிஸ் லீகிலேயே முதல். அந்த வருடம் நானே அவனுக்கு மெசேஜ் போட்டேன், "சரி, தோற்றுவிட்டேன்" என்று. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறான், பாவி. பிளேஆஃப் முதல் சுற்றில் வாரியர்ஸோடு ஏழாவது ஆட்டம் வரை போய், ஸ்டெஃப் கரி 50 புள்ளி அடித்ததில் கதை முடிந்தது.

அதற்குப் பிறகு கிங்ஸ் பிளேஆஃப் முதல் சுற்றைக்கூடத் தொடாமல் இரண்டு சீசன் போனது. 2025 பிப்ரவரியில் ஃபாக்ஸையும் சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டார்கள். யாருக்கு இடம் விட ஹாலிபர்ட்டனை விற்றார்களோ, அவரும் போய்விட்டார்.

அதே 2025 வசந்தத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பெயர் சொல்லாமல் வாக்களித்த சக வீரர்களிடம், லீகில் தகுதிக்கு மீறிக் கொண்டாடப்படுகிறவர் யார் என்று கேட்டார்கள். அதிக வாக்கு ஹாலிபர்ட்டனுக்கு. நண்பன் எனக்கு அனுப்பிய முதல் லிங்க் அதுதான். சில ராத்திரிகளில் அவர் ஷூட்டே செய்யாமல் காணாமல் போய்விடுவார் என்பதும் நிஜம், அந்த எரிச்சல் எனக்கும் உண்டு.

அப்புறம் பிளேஆஃப் தொடங்கியது. மில்வாக்கியை ஓவர்டைமில் கடைசி நொடி லே-அப்பால் முடித்தார். கிளீவ்லேண்டை ஒரு த்ரீ பாயிண்டரால். நியூயார்க்குக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் 32 புள்ளி, 15 அசிஸ்ட், 12 ரீபவுண்ட், பந்தைப் பறிகொடுத்தது பூஜ்யம். ஃபைனலில் ஓக்லஹோமாவோடு முதல் ஆட்டம், நமக்கு அது வெள்ளிக்கிழமை காலை. தட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி பின்தங்கியிருந்த இண்டியானா, ஒரு புள்ளி வித்தியாசம் வரை வந்துவிட்டது. எதிரணி ஷூட் தவறுகிறது, ரீபவுண்ட் கிடைக்கிறது, கோச் ரிக் கார்லைல் டைம்-அவுட் கேட்கவே இல்லை. ஹாலிபர்ட்டன் வலது பக்கமாக இறங்கி, நின்று, அதே கோணல் தள்ளு. 111-110. கடிகாரத்தில் 0.3 நொடி. அந்த ஆட்டம் முழுக்க இண்டியானா முன்னிலையில் இருந்தது அந்த 0.3 நொடிதான்.

ஏழாவது ஆட்டத்தை நான் இரண்டாம் முறை பார்த்ததில்லை. முதல் கால்பகுதியிலேயே மூன்று த்ரீ பாயிண்டர் போட்டுவிட்டு, ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்த வலது காலில் கிளம்பப் பார்த்தவர் விழுந்தார். தரையைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. இண்டியானா தோற்றது, அடுத்த சீசன் முழுக்க அவர் ஆட மாட்டார் என்று அணியே அறிவித்தது.

அன்றைக்கு நண்பன் போன் செய்தான். ஜெயித்த குரலில் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். "எழுந்து வந்துடுவான்ல மச்சான்?" என்றான். சபோனிஸ் பேச்சை எடுக்கவே இல்லை.