ஒரு துண்டுச் சீட்டில் ஒரு சொல்

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

நூலகர் அவர்களுக்கும், வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும், பள்ளி விட்டதும் புத்தகப் பையோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் இருக்கிற விசித்திரமான, கேட்டால் சிரிப்பு வருகிற சொற்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உள்ளே வரும்போதே ஒரு பையன் வாசலில் நிறுத்தி, “சார், இங்கிலீஷ்லயே ரொம்பப் பெரிய வார்த்தை எது?” என்று கேட்டுவிட்டான். 31 வருஷம் ஆங்கிலப் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது. சரி, அதை முதலில் முடித்துவிடுவோம்.

பெரிய அகராதிகளில் இருக்கும் நீளமான சொல்லுக்கு 45 எழுத்துகள். நியூமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கோபிக்-சிலிகோ-வால்கேனோ-கோனியோசிஸ். எரிமலையிலிருந்து வரும் நுண்ணிய சிலிக்கா தூசியை மூச்சில் இழுப்பதால் நுரையீரலுக்கு வரும் நோய் என்று பொருள். டாக்டர்கள் சிலிகோசிஸ் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். 1935-ல் அமெரிக்காவின் புதிர் ஆர்வலர் சங்கம் ஒன்றுக்குத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் என்பவர், நீளத்துக்காகவே கட்டிய சொல் இது. எனக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை. தேர் பெரிது, உள்ளே சாமி இல்லை.

எனக்குப் பிடித்தவை வேறு மாதிரிச் சொற்கள். டீக்கடை வாசலில் ஒரு நாய் நிற்கும், பார்த்திருப்பீர்கள். குரைக்காது, கிட்டேயும் வராது. நாம் வடையைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகிற வரைக்கும் கண்ணாலேயே கூட வரும். அடுத்தவர் சாப்பிடும்போது, நமக்கும் ஒரு வாய் கிடைக்காதா என்று பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு பழைய வினைச்சொல் உண்டு: ‘குரோக்’. ஸ்காட்லாந்துப் பக்கத்துச் சொல். இதை உண்டாக்கியவர் யாரென்று தெரியாவிட்டாலும், பசியைக் கிட்டத்தில் நின்று பார்த்த ஒருவர் என்பது தெரிகிறது. சொல்லுக்குள் ஒரு மனுஷர் இருக்கவேண்டும். அப்படிப்பட்ட சொற்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ஒரு வகுப்பறை சம்பவம் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு, டிக்டேஷன். ‘எனக்கு ஒரு மாமா இருக்கிறார்’ என்ற வாக்கியம். ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் அன் அங்கிள்’. முன் பெஞ்சில் ஒரு பெண், நோட்டை இடது கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுவாள். வாங்கிப் பார்த்தேன். ‘ஐ ஹேவ் அ நங்கிள்’ என்று எழுதியிருந்தாள். ‘அன்’னில் இருந்த மெய்யெழுத்து நகர்ந்துபோய் மாமாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் சிவப்பு மையில் சுழித்து, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி “நங்கிள்” என்று படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுவதும் அவளாக நோட்டை என் முன்னால் நீட்டவே இல்லை.

சில வருஷம் கழித்து ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தை மறுபடி படித்தேன். ராஜாவோடு கூடவே வரும் கோமாளி அவரை எப்படிக் கூப்பிடுகிறான்? ‘நங்கிள்’ என்று! கல்லூரியில் படித்தபோது கவனிக்காமல் தாண்டிப்போன இடம் அது. ‘மைன் அங்கிள்’ என்பதை வேகமாகச் சொல்லிச் சொல்லி ‘மை நங்கிள்’ ஆனது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் வாயிலும் காதிலும் நடந்த அதே காரியம்தான் என் வகுப்புப் பெண்ணுக்கும் நடந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நன்னூல் சூத்திரம் நினைவிருக்கும்: ‘உடன்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’. முன் சொல் மெய்யில் முடிந்து, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்வது இயற்கை. அந்தப் பெண் செய்தது அதுதான்.

ஆங்கிலத்தில் இப்படி ஒட்டியும் பிரிந்தும் ஏராளமான சொற்கள் நிலைத்துவிட்டன. சமையலறையில் கட்டுகிற ‘ஏப்ரன்’ முதலில் ‘நேப்ரன்’. ‘அ நேப்ரன்’ என்று சொன்னது காதில் ‘அன் ஏப்ரன்’ என்று விழுந்து, முதலெழுத்து நிரந்தரமாகப் போய்விட்டது. ஒருவகை விஷப் பாம்புக்கு ‘ஆடர்’ என்று பேர். அதுவும் ஆதியில் ‘ந’ எழுத்தில் தொடங்கிய சொல்தான். ‘நிக்நேம்’ இதற்கு நேர் எதிர்: பழைய ஆங்கிலத்தில் ‘ஈக்’ என்றால் கூடுதல். ‘அன் ஈக்நேம்’, அதாவது கூடுதலாக ஒரு பேர். பக்கத்தில் இருந்த எழுத்தை இழுத்து வைத்துக்கொண்டு ‘நிக்நேம்’ ஆனது. கிரிக்கெட் பிள்ளைகளுக்கு ஒன்று: ‘அம்பயர்’ இருக்கிறாரே, அவருடைய பேரும் பழைய பிரெஞ்சில் ‘நோன்பேர்’. ஜோடி சேராதவர், இரண்டு பக்கத்திலும் இல்லாத மூன்றாம் ஆள் என்று பொருள். நடுவருக்கு இதைவிடப் பொருத்தமான பேர் வைக்க முடியுமா? அந்த ‘ந’வையும் ஒரு காலத்தில் யாரோ தப்பாகக் கேட்டுத்தான் தொலைத்தார்கள். இன்றைக்கு அதைத் தப்பு என்று சுழிக்க எந்த வாத்தியாராலும் முடியாது.

தெரியாமல் செய்த தப்பு இது. வேண்டுமென்றே செய்த ஒரு தப்பு உலகத்தையே சுற்றி வந்திருக்கிறது. 1839-ல் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைகளில் ஒரு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு தொடரைத் தப்புத் தப்பாக எழுத்துக்கூட்டி, அதன் முதலெழுத்துகளை மட்டும் போடுவார்கள். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ என்று எழுதி, அதைச் சுருக்கி, அந்த வருஷம் மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ அச்சிட்டது: ‘ஓகே’. மறு வருஷம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். அதில் நின்ற வான் பியூரனுக்கு அவர் ஊர்ப் பேரால் ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்று ஒரு செல்லப்பேர் உண்டு. அதற்கும் அதே இரண்டு எழுத்து. ஆதரவாளர்கள் அதையே கோஷமாக்கிவிட்டார்கள். அந்தக் காலத்து வேடிக்கைச் சுருக்கங்கள் பலவும் செத்துப்போயின, இது மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு ஒரு எழுத்து ஆங்கிலம் படிக்காத பாட்டியும் போனை வைக்கும்போது “ஓகேப்பா” என்கிறார்.

அகராதி செய்கிறவர்களுக்குக்கூடத் தப்பு நேரும். அமெரிக்காவில் வெப்ஸ்டர் அகராதி என்று ஒன்று, அங்கே கடைசித் தீர்ப்பு மாதிரி. அதன் 1934-ஆம் வருஷப் பதிப்பில் ‘டார்ட்’ என்று ஒரு சொல். பொருள்: அடர்த்தி. இயற்பியலிலும் வேதியியலிலும் வழங்குவது என்று குறிப்பு வேறு. ஐந்து வருஷம் யாரும் கேள்வி கேட்கவில்லை. 1939 பிப்ரவரி 28-ல் அகராதியின் பதிப்பாசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது, இந்தச் சொல்லுக்கு மட்டும் வேர்ச்சொல் கொடுக்கப்படவில்லையே என்று கவனித்தார். கோப்புகளைக் கிளறினார்கள். வேதியியல் பகுதியைக் கவனித்த ஆஸ்டின் பேட்டர்சன் 1931-ல் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘அடர்த்தி என்பதைச் சுருக்கிக் காட்ட பெரிய டி அல்லது சின்ன டி போடலாம்’ என்பதுதான் அதில் இருந்த விஷயம். ‘டி ஆர் டி’. சுருக்கக் குறியீடுகளுக்கான கட்டில் சேர வேண்டிய சீட்டு, சொற்களுக்கான கட்டில் போய் விழுந்துவிட்டது. மூன்றையும் சேர்த்துப் படித்தவர் ‘டார்ட்’ என்று ஒரு புதுச் சொல்லைக் கண்டார். அதற்கு உச்சரிப்பும் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்படித் தப்பால் பிறந்து, யார் வாயிலும் வாழாத சொல்லுக்குப் பேய்ச்சொல் என்று பேர். 1886-ல் வால்டர் ஸ்கீட் என்ற மொழி அறிஞர் கொடுத்த பேர் அது.

சீட்டு இடம் மாறினால் இல்லாத சொல் பிறக்கும். சீட்டு தொலைந்தால்? ஆக்ஸ்போர்டு அகராதிக்கு அது நடந்தது. ஜேம்ஸ் மர்ரே 1879-ல் அந்த வேலையைப் பொறுப்பெடுத்ததும், ஆங்கிலம் படிக்கும் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகங்களைப் படியுங்கள், ஒரு சொல் கண்ணில் பட்டால் அது வரும் வாக்கியத்தை அப்படியே ஒரு சீட்டில் எழுதி, எந்த நூல், எந்த வருஷம் என்று குறித்து அனுப்புங்கள். லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுசிறு அறைகள் வைத்த அலமாரியில் அவற்றை அடுக்கினார். அகராதி 1928-ல் முடிந்தபோது மர்ரே உயிரோடு இல்லை. அந்தப் பெரிய கடலில் ஒரு சொல்லின் சீட்டுகள் மட்டும் எங்கேயோ நழுவிவிட்டன: ‘பாண்ட்மெய்டு’. அடிமைப் பெண் என்று பொருள். 1933-ல் துணைத் தொகுதி வந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இடம் கிடைத்தது. வேறு எந்தச் சொல் விடுபட்டிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இன்னொரு ஜோடியைச் சொல்லவேண்டும், ஒரே குடும்பத்துத் தாத்தாவும் பேரனும். டெக்சாஸில் சாமுவேல் மேவரிக் என்று ஒரு வக்கீல். அங்கே எல்லோரும் தங்கள் கன்றுக்குச் சூடுபோட்டு அடையாளம் வைப்பார்கள். இவர் வைக்கவில்லை. சூட்டுத் தழும்பு இல்லாமல் திரிகிற கன்றைப் பார்த்தால் ‘அது மேவரிக்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்புறம் எந்தக் கூட்டத்திலும் சேராமல் தன் போக்கில் போகிற மனிதருக்கும் அதுவே பேரானது. பேரன் மோரி மேவரிக், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓர் அரசுத் துறைக்குத் தலைவர். தன் மேசைக்கு வரும் சுற்றறிக்கைகளைப் படித்து வெறுத்துப்போய், 1944-ல், இனி எளிமையாக எழுதுங்கள் என்று ஆணை போட்டார். அந்தப் புரியாத மொழிக்கு அவர் வைத்த பேர் ‘காபில்டிகூக்’. வான்கோழி கழுத்தை விறைத்துக்கொண்டு கத்துமே, அந்தச் சத்தத்திலிருந்து எடுத்தாராம். ஒரு சான்றிதழுக்காக அலுவலகத்தில் நின்று, ‘மேற்படி விண்ணப்பத்தின்மீது உரிய தொடர் நடவடிக்கை’ என்ற பதிலை வாங்கி, அர்த்தம் தெரியாமல் திரும்பியவர்களுக்கு இந்தச் சொல்லின் அருமை உடனே விளங்கும்.

நம் கரையிலிருந்து போன சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-ல் அச்சிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் மரக்கட்டைகளில் ஏறிக் கடலுக்குள் போகிறவர்களைப் பற்றி எழுதி, அந்தப் படகுக்கு ‘காட்டமரான்’ என்று பேர் சொல்கிறார். நம்முடைய கட்டுமரம். நம் மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ என்ற சூப்பாகி, இறைச்சியெல்லாம் சேர்த்துக்கொண்டு லண்டன் ஓட்டல்களில் உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் சொல்லும்போது நாம் கைதட்டுகிறோம். ஆனால் ‘பரையா’ என்ற சொல்லையும் இங்கே சொல்லியாகவேண்டும். உலக நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டை ஆங்கிலச் செய்தியில் இன்றும் சாதாரணமாக அப்படிக் குறிக்கிறார்கள். பறை என்ற இசைக்கருவியிலிருந்து வந்த, நம் மக்களுடைய பேர் அது. இங்கே நடந்த தீண்டாமையைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் அதற்கு ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொருளைக் கொடுத்தார்கள். கட்டுமரத்துக்குப் பெருமைப்படுகிற நாம் இதற்கும் பொறுப்பேற்கத்தான் வேண்டும். பிள்ளைகளே, அந்தச் சொல்லை உங்கள் கட்டுரையில் எழுதாதீர்கள்.

மழைக்காலம் பக்கத்தில் வந்துவிட்டது, ஆகவே ஒரு நல்ல சொல். காய்ந்த தரையில் முதல் மழை விழும்போது எழும் வாசனைக்கு 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர் என்பவரும் ரிச்சர்ட் தாமஸ் என்பவரும் ‘பெட்ரிகோர்’ என்று பேர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ‘பெட்ரா’ என்றால் கல். ‘ஐகோர்’ என்பது தேவர்களின் நாளத்தில் ஓடும் திரவம். கல்லுக்குள் ஓடும் தேவரத்தம்! காய்ந்த பாறையிலிருந்து நீராவியால் அவர்கள் ஓர் எண்ணெயைப் பிரித்தெடுத்தார்கள். வெயில் காலத்தில் கல்லும் மண்ணும் சேர்த்துவைக்கும் எண்ணெய் அது. உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜ் அத்தர் வியாபாரிகள் இதே வாசனையைச் சுட்ட மண்ணிலிருந்து வடித்து, சந்தன எண்ணெயில் இறக்கி, குப்பியில் அடைத்து ரொம்ப காலமாக விற்றுவருகிறார்கள். நமக்கு அது மண்வாசனை.

பேர் வைக்கத் தெரிந்த மொழி, இருந்ததைத் தொலைக்கவும் செய்யும். 1535-ல் மைல்ஸ் கவர்டேல் அச்சிட்ட ஆங்கில பைபிளில் ‘ஓவர்மாரோ’ என்று ஒரு சொல் வருகிறது. நாளை மறுநாள் என்று பொருள். அவ்வளவு கச்சிதமான சொல்லை விட்டுவிட்டு இன்றைக்கு நான்கு சொல்லை அடுக்கிச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் ‘நாளன்னிக்கு’ என்று ஒரே சொல்லில் சொன்னோம். உங்களில் எத்தனை பேர் இப்போதும் அப்படிச் சொல்கிறீர்கள்?

அதனால்தான் நூலகரிடம் ஓர் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கியிருக்கிறேன், அவர் மேசைமேல் இருக்கிறது. பக்கத்தில் சீட்டும் பேனாவும். மர்ரே கேட்ட மாதிரியே கேட்கிறேன்: உங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லி, நீங்கள் வெளியே எங்கேயும் கேட்காத ஒரு சொல், அது வரும் முழு வாக்கியம், சொன்னவர் யார், எந்த வருஷம். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், சிவப்பு மை கிடையாது. முதல் சீட்டை நான் எழுதிப் போட்டுவிட்டேன். சொல்: மசங்கல். பொருள்: வெளிச்சம் மங்கி, எதிரே வருகிற முகம் தெரியாமல் போகிற சாயங்கால நேரம். வாக்கியம்: “மசங்கறதுக்குள்ள வீடு வந்து சேருடா.” சொன்னவர்: என் அம்மா. வருஷம்: 1974.